வாசகர் கேள்வி பதில்: சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு விழாவுக்கு எந்தப் பாட்டு?

முதலாம் தவணை வந்துவிட்டால் திருகோணமலையில் எந்த மைதானத்தைக் கடந்து போனாலும் சுண்ணாம்புக் கோடுகளும் ஒலிபெருக்கிச் சத்தமும்தான். இம்முறை எமக்கு வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேற்பட்டவை முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பிரிவுகளிலும் நடக்கும் விளையாட்டு விழா ஆடல்கள் பற்றியனவாகவே இருந்தபடியால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் இருபதுக்கு மேல் இருக்கிறார்கள். விளையாட்டு விழாவுக்கு நான் ஒரு சிறுவர் பாடலைத் தெரிவு செய்திருந்தேன். பெற்றோர் கூட்டத்தில், பக்கத்து முன்பள்ளி சென்ற வருடம் புதுப்படப் பாட்டுக்கு ஆடிக் கைதட்டு வாங்கியதாகவும், நாங்கள் மட்டும் ஏன் ‘நேசரிப் பாட்டுக்கு’ ஆடவேண்டும் என்றும் கேட்டார்கள். நான் எதை வைத்து முடிவெடுப்பது, அம்மா?
– முன்பள்ளி ஆசிரியை, உப்புவெளி

பதில்: பழைய பாட்டா புதுப் பாட்டா, சிறுவர் பாட்டா சினிமாப் பாட்டா என்ற வாதத்துக்குள் இறங்குவதற்கு முன்னர், கையிலிருக்கும் பாட்டை ஒரு சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டால், அந்தப் பாட்டின் இரண்டு அடிகளையாவது பிள்ளை தன் வாயால் பாடுமா? பாடும் என்றால் அந்தப் பாட்டுக்கு அந்தப் பிள்ளையால் ஆடவும் முடியும். பாடாது என்றால், அது எவ்வளவு இனிய பாட்டாக இருந்தாலும், மைதானத்தில் பிள்ளை உங்கள் கையைப் பார்த்துத்தான் ஆடும். கையைப் பார்த்து ஆடுகிற பிள்ளை எப்போதும் அரைத் தாளம் பிந்தியே ஆடும். அடுத்த அடி எப்போது வரும் என்பது பிள்ளையின் மனதுக்குள் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தால்தான் கை உரிய நேரத்தில் உயரும். அதற்குப் பாட்டு காதில் மட்டும் இருந்தால் போதாது, வாயிலும் இருக்கவேண்டும்.

இதைக் கண்டறிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் இரண்டு மூன்று பாடல்களையும், ‘இது விளையாட்டு விழாவுக்கு’ என்று சொல்லாமல், பிள்ளைகள் களிமண் பிசையும் நேரத்திலும் கட்டைகளை அடுக்கும் நேரத்திலும் மெதுவான சத்தத்தில் போட்டுவிடுங்கள். ஒன்றும் கற்பிக்க வேண்டாம். சில நாள்களில் எந்தப் பாட்டின் எந்த இடத்தை அவர்கள் தாமாக முணுமுணுக்கிறார்கள், எந்த இடத்தில் தோளை அசைக்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து குதிக்கிறார்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆடலின் அசைவுகளையும் அந்தக் குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் ஒருவர் வீட்டில் கண்ணாடியின் முன் நின்று யோசித்த அசைவை விட, பிள்ளையே செய்து காட்டிய அசைவு மறக்காது.

அடுத்தது வேகம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து வினாடிகளுக்கு எத்தனை தட்டுகள் விழுகின்றன என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரியவர்கள் அணிநடை போகும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டு. சின்னப் பிள்ளைகள் தாமாகக் கைதட்டும்போது பெரியவர்களை விடச் சற்று வேகமாகவே தட்டுவார்கள் என்பதையும், பாட்டு மெதுவாகப் போனால் அதற்காகப் பொறுத்து நிற்பதுதான் அவர்களுக்குச் சிரமம் என்பதையும் நீங்கள் வகுப்பில் கண்டிருப்பீர்கள். ஆகவே தாலாட்டுப் போல நிமிடத்துக்கு 70 தட்டில் நகரும் பாட்டு, கேட்பதற்கு மென்மையாக இருந்தாலும், இந்த வயதுக்கு ஒத்துவராது. பாட்டை விட்டுப் பிள்ளைகள் முன்னால் ஓடிவிடுவார்கள். 150 தட்டில் பறக்கும் குத்துப்பாட்டிலோ கை போகும் இடத்துக்குக் கால் போய்ச் சேராது. 100 தொடக்கம் 130 வரையான பாட்டை எடுத்து, கைதட்டுவதற்கு ஒவ்வொரு தட்டையும், அடி எடுத்து வைப்பதற்கு ஒன்று விட்டு ஒரு தட்டையும் பயன்படுத்தினால் பெரும்பாலும் சரியாக வரும். நான்கு நான்காக நடக்கும் பாட்டு நடப்பதற்கும் அணிவகுப்பதற்கும் பொருந்தும். கும்மியைப் போல மூன்று மூன்றாக நடப்பது ஆடி அசைவதற்கும் சுற்றி வருவதற்கும் பொருந்தும். ஒரே பாட்டில் நடை இரண்டு மூன்று தடவை மாறினால் அதை விட்டுவிடுங்கள்.

மூன்று வயதுப் பிள்ளை இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். ஒற்றைக் காலில் கெந்துவதற்கு நான்கு வயதாவது ஆகவேண்டும். காலை மாற்றி மாற்றித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறு வயதில்தான் ஒழுங்காக வரும். இடது எது, வலது எது என்று சொன்னவுடன் திரும்புவது அதற்கும் பிந்தியது. ஆகவே ‘வலது பக்கம்’ என்று கத்துவதை விட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பக்கக் கையில் சிவப்பு நாடாவைக் கட்டி, ‘சிவப்புக் கையை உயர்த்துங்கள்’ என்று சொல்லிப் பழக்குங்கள். விரல் முத்திரைகள் மண்டபத்து மேடையில் அழகு. மைதானத்தின் மறுகரையில் கதிரையில் இருக்கும் அம்மம்மாவுக்கு அவை தெரியப்போவதில்லை. கை முழுவதும் தலைக்கு மேலே போகவேண்டும். துணியோ நாடாவோ கையில் இருந்தால் இன்னும் நல்லது.

பாட்டின் சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் இங்கே கொள்கை எதுவும் பேசவில்லை. பாட்டின் ஒவ்வொரு வரியையும் எழுதி வைத்துக்கொண்டு, ‘டீச்சர், இதற்கு என்ன கருத்து?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் முகம் மாறாமல் விளக்கம் சொல்ல உங்களால் முடியுமா என்று பாருங்கள். எந்த வரியில் தடுமாறுகிறீர்களோ அந்த வரி அந்தப் பாட்டைத் தள்ளிவிடும். புதுப்படப் பாடல்களில் பல இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. விழாமல் நிற்பவையும் இருக்கின்றன, அவற்றைப் படப்பாட்டு என்பதற்காக ஒதுக்கத் தேவையில்லை.

பெற்றோரின் ஆசையையும் முற்றாகத் தட்டிக்கழிக்க வேண்டாம். விழாவில் அம்மாமாருக்குச் சங்கீதக் கதிரை இருக்கும்தானே? அவர்கள் கேட்ட அத்தனை புதுப்பாட்டையும் அதற்குப் போட்டுவிடுங்கள். பாட்டு எந்த இடத்தில் நின்றாலும் பொருந்தும் போட்டி அது ஒன்றுதான்.

கேள்வி: தரம் 1 முதல் 3 வரையான பிள்ளைகளின் உடற்பயிற்சிக் கண்காட்சியை இம்முறை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் சில பெற்றோர் வாத்திய இசைக்குத் தம் பிள்ளைகள் ஆடுவதை விரும்புவதில்லை. வேறு சிலர், இசை இல்லாவிட்டால் அது என்ன கண்காட்சி என்கிறார்கள். இரு பக்கமும் மனம் நோகாமல் எப்படிச் செய்யலாம்?
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: உங்கள் ஊரிலேயே இதற்கு விடை இருக்கிறது. கிழக்கு மாகாண முஸ்லிம் ஊர்களில் வழிவழியாக ஆடப்பட்டு வரும் களிகம்பு, பொல்லடி ஆகியவற்றில் தாளத்தைத் தருவது ஆடுபவர்களின் கையிலிருக்கும் கம்புகளே. பாட்டை, ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் வாயால் பாடுவார், ஆடுபவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பெரியவர்களின் பொல்லடியில் வரும் பாய்ச்சலும் சுழற்சியும் ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியதில்லை. அதன் அடிப்படைத் தாளமும், இரண்டு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும் அமைப்பும் போதும். ஊரில் பொல்லடி தெரிந்த மூத்தவர் ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்து, இந்தச் சபைக்குப் பொருந்தும் பாடல் எது என்று அவரிடமே கேளுங்கள். அவர் வந்து நின்றாலே, இசை வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் இடையில் உள்ள பாதிப் பிணக்குத் தீர்ந்துவிடும்.

கம்பின் நீளம் பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கட்டும். முனைகளை அரத்தாளால் உரோஞ்சி உருட்டிவிடுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் கம்புகளைத் தானே தட்டட்டும். தாளம் கையில் ஊறிய பிறகே எதிரில் நிற்பவரின் கம்பைத் தட்ட விடவேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே சோடி சேர்த்தால் விரலில்தான் அடி விழும்.

கம்பும் வேண்டாம் என்ற நிலை இருந்தால், சிரட்டைகள் இருக்கின்றன. நன்றாகச் சுரண்டிக் காயவைத்த இரண்டு சிரட்டைகளின் விளிம்புகளை ஒன்றோடொன்று தட்டும்போது எழும் ஒலி மைதானத்தில் நல்ல தூரத்துக்குக் கேட்கும். எண்ணிக்கையும் கைதட்டும் கால்தட்டும் மட்டுமே வைத்து ஒரு முழுக் கண்காட்சியை நடத்திவிடலாம். ஒன்று செய்யுங்கள்: இந்த ஏற்பாட்டை விழாவுக்கு முதல் வாரத்தில் அல்ல, பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே பெற்றோருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இரண்டு கிழமை பழகிய பிள்ளையை வரிசையிலிருந்து வெளியே எடுப்பதுதான் எல்லோருக்கும் மனவருத்தம் தருகிறது.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. வீட்டில் ஓயாமல் பாடி ஆடுகிறாள். முன்பள்ளியில் ஆடல் பயிற்சி தொடங்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுகிறாளாம். ‘போகப்போகப் பழகிவிடுவாள்’ என்று ஆசிரியை சொல்கிறார். வற்புறுத்தலாமா?
– தாய் ஒருவர், தம்பலகாமம்

பதில்: வற்புறுத்த வேண்டாம். வீட்டில் ஆடுகிற பிள்ளை பயிற்சியில் காதைப் பொத்துகிறாள் என்றால், அவளுக்குப் பிடிக்காதது ஆடல் அல்ல, சத்தம் என்று எடுத்துக்கொள்வதே முறை. வேலைத்தலங்களில் பெரியவர்களுக்கே 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்க விடலாகாது என்று பல நாடுகளில் வரையறை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கின்படி 100 டெசிபெல் ஒலியைக் கால் மணி நேரம்தான் கேட்கலாம். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் முன்னால், அதுவும் பெட்டியின் உயரத்துக்குச் சரியாகக் காது இருக்கும் நான்கு வயதுப் பிள்ளையின் நிலையை இதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாமல் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். பயிற்சியை ஆசிரியையின் குரலிலும் கைதட்டிலும் தொடங்கி, ஒலிப்பதிவைப் பின்னர் மெதுவாகச் சேர்க்கலாமா? மகளைப் பெட்டிக்கு எட்டத்தில் நிறுத்தலாமா? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். இரண்டு மீற்றரில் நின்ற பிள்ளையை எட்டு மீற்றருக்கு நகர்த்தினால் 12 டெசிபெல் குறைந்துவிடும், அது சின்ன வித்தியாசம் அல்ல. வீட்டில் குக்கர் விசிலுக்கும் பட்டாசுக்கும் மழைக்கால இடிக்கும் இதேபோல் அளவுக்கு மீறி அஞ்சுகிறாள் என்றால், விழாவை மறந்துவிட்டு ஒரு தடவை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அன்றைய தினம் அவள் கொடி பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க விரும்பினால், அதுவும் விழாவில் பங்கெடுத்ததுதான்.

கேள்வி: மண்டபத்தில் பழகும்போது பிள்ளைகள் ஒரே சீராகச் செய்கிறார்கள். மைதானத்துக்குக் கொண்டுவந்தால் பின்வரிசை பிந்துகிறது. அதிபர் பிள்ளைகளுக்குக் கவனம் போதாது என்கிறார். பாட்டை மாற்றவேண்டுமா?
– உடற்கல்வி ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: பாட்டிலும் குறை இல்லை, பிள்ளைகளிலும் குறை இல்லை. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். உங்கள் மண்டபம் பதினைந்து மீற்றர் நீளம் என்றால், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் உணரப்போவதில்லை. மைதானத்தில் ஒலிபெருக்கிக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் 100 மீற்றர் இருந்தால், பாட்டு அங்கே போய்ச் சேர வினாடியில் பத்தில் மூன்று பங்கு எடுக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் இருப்பதே அரை வினாடிதான். ஆகவே பின்வரிசைப் பிள்ளை தன் காதுக்கு எட்டிய தாளத்துக்குச் சரியாகத்தான் ஆடுகிறது. பந்தலில் இருந்து பார்க்கும் அதிபரின் கண்ணுக்கு அது அரைத் தட்டு பிந்தித் தெரிகிறது. மைதானத்தின் இரண்டு முனைகளிலும் பெட்டிகளை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, ஒரு முனைக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைக்கோ ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும்.

பெட்டிகளை எல்லாம் ஒரே பக்கத்தில், பந்தலின் ஓரமாக வையுங்கள். பிள்ளைகளைப் பந்தலுக்கு நேரே நீளவாக்கில் ஆழமாக அடுக்காமல், அகலவாக்கில் மூன்று நான்கு வரிசைகளுக்குள் நிறுத்துங்கள். பந்தலிலிருந்து முப்பது மீற்றருக்குள் ஆடலை முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தை, மாசியில் கடற்பக்கமிருந்து வாடை வீசும். விழா ஏதோ காரணத்தால் வைகாசிக்குப் பின்தள்ளப்பட்டால், தரைப்பக்கமிருந்து கச்சான் அனலாக அடிக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் பெட்டியை வைத்தால்தான் ஒலி பிள்ளைகளை நோக்கி வரும். எதிர்த்திசையில் வைத்துவிட்டு ஒலியை மேலும் மேலும் கூட்டினால், அயல்வீட்டாரின் ஏச்சு மட்டும்தான் மிஞ்சும். மெல்லிய குரலும் வீணையும் மட்டும் உள்ள பாடல்கள் கச்சான் காற்றில் கரைந்துவிடும். மேளமோ பறையோ தெளிவாக விழும் பாட்டு நிற்கும். உங்கள் பாட்டை மாற்றவேண்டுமா என்று கேட்டீர்கள். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாற்றலாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் கும்மியும் கோலாட்டமும் ஆடினோம். இப்போது பச்சைப் பிள்ளைகள் இடுப்பை ஆட்டிச் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதைத் தடை செய்தால் என்ன?
– ஓய்வுபெற்ற பேரனார் ஒருவர், மூதூர்

பதில்: உங்கள் மனவேதனை விளங்குகிறது, ஐயா. ஆனால் தடை செய்தால், அந்த இடத்தில் எதை வைப்பது என்று தெரியாத ஆசிரியை ஒருவர் பழைய ஒலிநாடாவில் உள்ள ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பழைய பாட்டு என்பதனாலேயே அது பிள்ளைக்கு ஏற்றதாகிவிடாது. கும்மிப் பாடல்களிலும் வளர்ந்தவர்களின் கேலியும் சரசமும் உள்ளவை ஏராளம் என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரிந்திருக்கும்.

நம் மாவட்டத்தில் இன்னும் எடுத்தாளப்படாத ஒன்றைச் சொல்கிறேன். கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களின் அமைப்பு, சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. ஒருவர் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் எல்லோரும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் திருப்பிச் சொல்கிறார்கள். முதல் வரியை ஆசிரியை ஒலிவாங்கியில் பாடட்டும். பிள்ளைகள் ‘ஏலேலோ’ மட்டும் சொல்லிக் கயிற்றை இழுக்கட்டும். மனப்பாடம் செய்யவேண்டிய சொல் ஒன்றே ஒன்று. அசைவும் ஒன்றே ஒன்று: குனிந்து பிடித்து, சாய்ந்து இழுத்து, ஓரடி பின்வைப்பது. ஒரு நீண்ட கயிறும் நீல நிறத் துணியும் போதும், வாடகை உடுப்புக்குக் காசு தேடத் தேவையில்லை. முன்னால் நின்று பாடுவதற்கு, வலை இழுத்துப் பழகிய பாட்டனார் ஒருவரே வந்தால் இன்னும் சிறப்பு. அந்தப் பாடல்களிலும் பெரியவர்களுக்கான சொற்கள் இருக்கும் என்பதால், வரிகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்தெடுங்கள்.

ஈழத்துச் சிறுவர் பாடல் என்றால் நவாலியூர் சோமசுந்தரப் புலவரை (1878–1953) விட்டுவிட முடியாது. அவருடைய ஆடிப்பிறப்புப் பாடலில் கூழும் கொழுக்கட்டையும் செய்யும் வேலைகள் அடுத்தடுத்து வருவதால், இடிப்பதும் பிசைவதும் கிண்டுவதுமாக அசைவுகள் தாமாகவே அமைந்துவிடும். தரம் 2, 3 பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். மூன்று வயதுக்கு நீளம் அதிகம்.

இவை எல்லாவற்றையும் விட, பிள்ளைகள் தினமும் காணும் காட்சியை வைத்து ஆசிரியைமாரே நாலு வரி கட்டலாம் என்பது என் எண்ணம். கவிஞராக இருக்கவேண்டும் என்றில்லை. கோட்டைப் பக்கத்திலும் நகர வீதிகளிலும் மான்கள் திரிவதைத் திருகோணமலைப் பிள்ளை எத்தனை தடவை பார்த்திருக்கும்!

புள்ளி மானே, புள்ளி மானே,
எங்கே போகிறாய்?
கோட்டைப் பக்கம் புல்லைத் தேடிக்
குதித்துப் போகிறேன்.

வீதி நிறைய வண்டி வருதே,
என்ன செய்குவாய்?
காதை ஆட்டி வாலை ஆட்டிக்
கடந்து போகிறேன்.

கேள்வியை ஒரு வரிசை பாட, பதிலை மற்ற வரிசை பாடும். கொம்புக்கு இரண்டு கைகள், காதுக்கு இரண்டு கைகள், குதிப்பதற்கு இரண்டு கால்கள். யாருக்கு வேண்டுமானாலும் இதை எடுத்துக்கொள்ளலாம், வரிகளை மாற்றவும் செய்யலாம். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளை வைத்து எண்ணும் ஆடல் ஒன்றும் செய்யலாம்: ஒன்று முதல் ஏழு வரை எண்ணித் தட்டி, எட்டாவது தட்டில் எல்லோரும் தலையில் நீர் வார்ப்பதுபோலக் கைகளைக் கவிழ்த்தால், எட்டுத் தட்டுத் தாளம் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே அவர்களுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: எங்கள் முன்பள்ளியில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். எந்த மொழிப் பாட்டுக்கு ஆடுவது என்று வருடாவருடம் இழுபறி.
– முன்பள்ளிப் பொறுப்பாளர், திருகோணமலை

பதில்: ஒரே பாட்டில் மூன்று பக்கத்தையும் திருப்திப்படுத்த முயன்றால் ஒருவருக்கும் திருப்தி வராது. தமிழில் ஒரு குறும்பாட்டு, சிங்களத்தில் ஒரு குறும்பாட்டு என இரண்டை எடுத்து, இரண்டுக்கும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஆடவிடுங்கள். ‘தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுக்கு, சிங்களப் பிள்ளைகள் சிங்களப் பாட்டுக்கு’ என்று பிரிப்பதைத் தவிருங்கள். மற்ற மொழிப் பாட்டைப் பாட நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தயக்கமும் கிடையாது, தயக்கம் பெரியவர்களுக்குத்தான். சமயப் பாடல்களை அந்தந்தச் சமய விழாக்களுக்கு வைத்துக்கொண்டு, விளையாட்டு விழாவை அவற்றிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

கேள்வி: சென்ற வருடம் மகனின் ஆடல் காணொளியை முகநூலில் போட்டேன். சத்தத்தை நீக்கிவிட்டார்கள். சொந்தப் பிள்ளையின் ஆடலைப் போடக்கூடத் தடையா?
– தந்தை ஒருவர், நிலாவெளி

பதில்: தடை ஆடலுக்கு அல்ல, பின்னால் ஒலித்த பாட்டுக்கு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்புக்கான உரிமை, படைத்தவரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பாரதியார் 1921இல் மறைந்தார் என்பதால் அவருடைய வரிகளைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆனால் அதே வரிகளுக்கு இன்னொருவர் அண்மையில் இசையமைத்துப் பதிவு செய்திருந்தால், அந்த இசைக்கும் பதிவுக்கும் தனி உரிமை உண்டு. உரிமைக் காலம் முடிந்த வரிகளை ஆசிரியையும் பிள்ளைகளும் தம் சொந்த மெட்டில் தாமே பாடிய பதிவென்றால் பிரச்சினை வராது. காணொளியைப் போடுவதற்கு முன்னர், அதில் முகம் தெரியும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இந்த வருடம்தான் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். பாட்டைச் சுருக்கி ஆயத்தம் செய்யும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். எதில் கவனமாக இருக்கவேண்டும்?
– உதவி ஆசிரியை, குச்சவெளி

பதில்: முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம், இரண்டரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படப்பாட்டு நான்கைந்து நிமிடம் ஓடும். பல்லவி, ஒரு சரணம், மீண்டும் பல்லவி என்று வெட்டினால் அளவாக வரும். பாட்டின் தொடக்கத்தில் தாளமில்லாத ஆலாபனையோ ஏதாவது சத்தங்களோ இருந்தால் அவற்றை முற்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு தட்டு மேளச் சத்தத்தைச் சேருங்கள். அந்த நான்கு தட்டுத்தான் பிள்ளைக்கு ‘ஆயத்தமாகு’ என்று சொல்கிறது. முடிவில் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து போகும் பாட்டு என்றால், எப்போது நிற்பது என்று தெரியாமல் பாதிப்பேர் ஆடிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பளிச்சென்று ஓரடியில் முடியும்படி வெட்டுங்கள். பாட்டு சற்று வேகம் என்று பட்டால், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலிகள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. பத்தில் ஒரு பங்கு வரை குறைத்தால் யாருக்கும் தெரியாது, அதற்கு மேல் குறைத்தால் பாடகரின் குரல் இழுபடும். வெட்டிய பதிப்பை முதல் நாளிலிருந்தே பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். கடைசிக் கிழமையில் வெட்டினால் பிள்ளைகள் பழைய நீளத்தையே எதிர்பார்த்து நிற்பார்கள்.

விழா அன்று தொலைபேசியிலிருந்து புளூடூத் மூலம் பாட்டைப் போடவேண்டாம். பாட்டு நடுவில் யாராவது அழைத்தால், அழைப்பு மணி மைதானம் முழுவதும் ஒலிக்கும். பென் டிரைவ் இரண்டில் பதிந்து, நிகழ்ச்சி ஒழுங்கின்படி கோப்புகளுக்கு இலக்கமிட்டு, ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்ற பெயர்களில் உள்ள பழைய கோப்புகளை அழித்துவிடுங்கள். ஒன்றை ஒலிபெருக்கிக்காரரிடம் முதல் நாளே கொடுத்து, அவருடைய கருவி அந்தக் கோப்பை வாசிக்கிறதா என்று அவருக்கு அருகில் நின்று ஒரு தடவை முழுவதும் ஓடவிட்டுக் கேளுங்கள். மற்றது உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.